பொது நிரலுக்கு ஒரு கூட்டுக் காவல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவதுதான் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "காப்புரிமையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்" என்றேன். அவர் சற்றே திகைத்து, "பிள்ளைகளின் நடனத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று வினவினார். முன்னால் என்றே கேட்டுக்கொண்டேன். பின்னால் என்றால் நாற்காலிகளுக்குத்தான் பேச வேண்டியிருக்கும் என்பதை நான் அறியாதவனல்லேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், நண்பர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு சிறியதொரு மென்பொருள் நிறுவனம் நடத்தி வருகிறார். மருத்துவமனைகளில் நோயாளரின் பதிவுகளை ஒழுங்குபடுத்தித் தரும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலுள்ள ஒரு நிறுவனம் அதை வாங்க முன்வந்தது. மகிழ்ச்சியோடு ஒப்பந்தத்தைப் புரட்டியவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். இந்நிரலைப் பற்றி யாரேனும் காப்புரிமை வழக்குத் தொடுத்தால், வழக்குச் செலவையும் இழப்பீட்டையும் விற்றவரே முழுமையாக ஏற்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. அவருடைய தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்து மகனுக்குத் தொழில் அமைத்துக் கொடுத்தவர். மகன் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "மாமா, நானே உட்கார்ந்து எழுதிய நிரலுக்கு வேறொருவர் என்மேல் வழக்குப் போட முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்பதே விடை. அந்த விடையைக் கேட்டதும் தந்தையாரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், இதைப் பத்துப் பேர் அறியச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. நான் வழக்கறிஞன் அல்லன். வரைபடப் பிரிவில் காலம் கழித்தவன்; காப்புரிமைத் தாள்களைப் படித்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று குறித்துக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. அவ்வளவே என் தகுதி.

பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். நீங்கள் எழுதிய கதையை நான் கண்ணாலும் பாராமல், தற்செயலாக அதே போன்ற கதை ஒன்றை எழுதிவிட்டால் என்மேல் குற்றம் இல்லை. பார்த்து எழுதினால்தான் பதிப்புரிமைச் சட்டம் என்னைப் பிடிக்கும். பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையோ அப்படிப்பட்டதன்று. அது எழுத்தைக் காப்பதில்லை, எண்ணத்தைக் காப்பது. ஒரு வழிமுறையை ஒருவர் முதலில் பதிவு செய்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறெவரும் அவர் இசைவின்றி அவ்வழியைக் கையாளலாகாது. "நானாகவே கண்டுபிடித்தேன், உங்கள் பதிவு எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொன்னாலும் அது செல்லாது.

ஓர் இயந்திரத்துக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். புதிய பூட்டு ஒன்றில் புதுமை ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றைத் தேடிப் பார்த்துவிடலாம். பெரிய நிரல் ஒன்றிலோ ஆயிரக்கணக்கான சிறு வழிமுறைகள் பின்னிக் கிடக்கின்றன. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது ஒரு வழி; படத்தைச் சுருக்கி அனுப்புவது ஒரு வழி; கோப்புக்கு நீண்ட பெயர் வைப்பது ஒரு வழி. இவற்றில் எதன்மேல் எந்த நாட்டில் எவர் உரிமை பதிந்து வைத்திருக்கிறார் என்று முற்றும் தேடி முடிப்பது ஆகிற காரியமன்று.

இனி, திறந்த மூல மென்பொருள் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. அதன் மூல எழுத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதை வெளியே வழங்குவோர், அந்தத் திருத்தத்தையும் அதே உரிமையோடு திறந்து வைத்தாக வேண்டும். ஏரி நீரைப் பாய்ச்சிக்கொள்ளும் குடிகள் எல்லாரும் ஏரியைத் தூர் எடுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்று நம் ஊர்களிலே குடிமராமத்து என்றொரு முறை இருந்ததல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றது இது. இங்கு அமர்ந்திருப்போரில் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் லினக்ஸைச் சட்டைப் பையிலேயே சுமந்து வந்திருக்கிறீர்கள். நம் இளைஞரின் மருத்துவமனை நிரலும் அதன்மேல் எழுப்பப்பட்டதுதான்.

பொதுச் சொத்துக்கு ஒரு தொல்லை உண்டு. தனியார் நிறுவனத்தின் மென்பொருளைப் பற்றி வழக்கு வந்தால் அந்த நிறுவனம் பணம் செலவழித்து எதிர்த்து நிற்கும். எதிரியின் மேல் திருப்பி எய்யத் தன் கையிலும் காப்புரிமைகள் வைத்திருக்கும். ஊரார் கூடி எழுதிய நிரலுக்கு யார் நிற்பார்? வழக்குப் போடுவோர் எழுதியவரை நாடுவதில்லை; பயன்படுத்துவோரையும் விற்போரையும் நாடுகிறார்கள். இந்த அச்சம் ஒன்றே போதும், வாங்குவோர் பின்வாங்கிவிடுவர். 2007-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம், லினக்ஸ் முதலிய திறந்த மூல நிரல்கள் தன்னுடைய 235 காப்புரிமைகளை மீறுவதாக அறிவித்தது. அவை எவை என்ற பட்டியலை அப்போது வெளியிடவில்லை. பட்டியல் இல்லாத அந்த எண் உலகெங்கும் வணிகரின் உறக்கத்தைக் கெடுத்தது.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெருமையோடு சொல்லக்கூடிய செய்தி ஒன்று உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் உச்சநீதிமன்றத்துக்கு உயர்ந்த என். இராஜகோபால ஐயங்கார் அவர்கள் 1959-இல் அளித்த அறிக்கையின் மேல்தான் 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் எழுந்தது. அந்நாளில் இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டார் கையில் இருந்தன; அவற்றில் மிகப் பல இந்நாட்டில் தொழிலுக்குப் பயன்படுத்தப்படவே இல்லை. இதைக் கண்டறிந்த அப்பெருமகனார், நாட்டின் நலத்துக்கு ஏற்றவாறு வரம்புகளை வகுக்கலாம் என்றார். அவ்வழியிலே வந்த சட்டத்தில், 2002-இல் செய்த திருத்தத்தால் 3(கே) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கணித முறை, வணிக முறை, கணிப்பொறி நிரல் 'பெர் சே', வழிமுறைத் தொகுதி ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் கருத்து.

'பெர் சே' என்ற அந்த இரண்டு இலத்தீன் சொற்களுக்குத் 'தன்னளவில்' என்று பொருள். அவற்றைச் சுற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் போராட்டத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. நிரல் தன்னளவில் உரிமைக்கு உரியதன்று. அப்படியானால் வேறொன்றோடு சேர்ந்தால்? 2004 டிசம்பரில் பிறந்த அவசரச் சட்டம் ஒன்று, தொழில்துறைப் பயன்பாடு உடைய நிரலுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் கதவைத் திறந்துவிட முயன்றது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் திறப்பு இடம்பெறவில்லை. பழைய சொற்களே நிலைத்தன. வாசலில் அடைத்ததைச் சன்னல் வழியே கொண்டுவருவது போல, 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மீண்டும் இடம் கொடுத்தன. அப்போது எதிர்த்து எழுதியோரில் நம் பெங்களூரில் இயங்கும் ஐஸ்பிரிட் என்னும் மென்பொருள் தொழில் அமைப்பும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் சட்ட அறிஞரும் சேர்ந்து குரல் கொடுத்தனர். தொழில் செய்பவர்களே "எங்களுக்கு இந்த உரிமை வேண்டா" என்று சொன்னது அரசின் காதில் விழுந்திருக்க வேண்டும். டிசம்பரில் அந்நெறிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில், புதிய வன்பொருளோடு சேர்ந்தால்தான் நிரலுக்கு உரிமை என்ற கடுமையான நெறி வந்தது. 2017 ஜூனில் அந்த வன்பொருள் நிபந்தனை நீக்கப்பட்டது. 2019-இல் டெல்லி உயர்நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு உடைய கண்டுபிடிப்பு நிரலின் வழியே அமைந்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கலாகாது என்று கூறியது. வேலி நிற்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சற்று உள்ளே தள்ளியும் வெளியே தள்ளியும் நடப்படுகிறது.

அந்த வேலியும் நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. காப்புரிமை என்பது அவ்வந்நாட்டுக்கு உரியது. பெங்களூரில் எழுதிய நிரல் அமெரிக்காவில் விற்பனையாகும்போது அமெரிக்கச் சட்டத்துக்குள் நுழைகிறது. அங்கே நிரல்களுக்கு ஏராளமான காப்புரிமைகள் வழங்கப்பட்டிருக்கின்றன. 2014-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஆலிஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் அவ்வழியைக் குறுக்கியது உண்மையே, அடைத்துவிடவில்லை. ஆகவே சட்டம் கைவிடும் இடத்தில் தொழில் செய்வோர் தாமே கூடிக் காவல் அமைக்க வேண்டியதாயிற்று.

இப்படிக் கூடுவது புதிதா என்றால், இல்லை. நம் வீடுகளிலே பாட்டிமார் வைத்திருந்த சிங்கர் தையல் இயந்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இயந்திரத்தை முழுமையாகச் செய்ய வேண்டிய உரிமைகள் ஒரு காலத்தில் நான்கு தரப்பாரிடம் சிதறிக் கிடந்தன. ஊசி நுனியில் கண் வைத்துத் தைக்கும் முறையின் உரிமை ஈலையாஸ் ஹோவிடம் இருந்தது. மற்றவை சிங்கர் முதலிய மூன்று நிறுவனங்களிடம் இருந்தன. ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து அலுத்துப்போய், 1856-இல் நால்வரும் உரிமைகளை ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டனர். அதன் பிறகு இயந்திரம் செய்ய விரும்பிய மற்றவர்கள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அந்தக் கூட்டுக்குப் பணம் கட்டினார்கள். 1877-இல் உரிமைக்காலம் தீர்ந்த பிறகே அக்கூட்டு கலைந்தது.

வானூர்தியின் கதையும் அப்படித்தான். நம் ஊரில் 1940-இல் தொடங்கிய வானூர்தித் தொழிற்சாலையால் வாழ்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இந்த அவையிலும் பல இருக்கின்றன; அவர்களுக்கு இது சுவையாக இருக்கும். ரைட் சகோதரர் தரப்புக்கும் கர்ட்டிஸ் தரப்புக்கும் நடந்த காப்புரிமைச் சண்டை பல ஆண்டுகள் நீண்டு, அமெரிக்காவில் வானூர்தித் தொழிலின் கைகளைக் கட்டிப்போட்டது. 1917-இல் அந்நாடு முதல் உலகப் போரில் இறங்கியபோது வானூர்திகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அரசு வற்புறுத்தவே, உரிமைகளையெல்லாம் ஒரே சங்கத்தில் ஒப்படைத்து, குறிப்பிட்ட கட்டணத்துக்கு எல்லாரும் செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். போர் வந்து வாசலில் நின்றால்தான் பங்காளிச் சண்டை ஓயும் போலும்!

இவ்விரண்டு கூட்டுகளும் பயன் தந்தவையே. ஆயினும் இவை சுங்கச்சாவடிகள். நுழைவோரிடம் காசு வாங்கி உள்ளே இருந்தவர் பங்கிட்டுக்கொண்டனர். பொது நிரலுக்குச் சுங்கச்சாவடி உதவாது. ஒரு பிரதிக்கு ஒரு ரூபாய் என்றாலும், யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்ற அடிப்படை அங்கேயே உடைந்துபோம். எனவே வேறொரு முறை தேவைப்பட்டது.

அதற்கு அடுத்த படியாக நம் ஊரிலேயே நடந்த முயற்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் சிலரும் என்கோர் என்ற நிறுவனத்தாரும் கூடி, ஏழை மக்களும் கையாளத்தக்க சிறு கணிப்பொறி ஒன்றை உருவாக்க 1999-இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவினர். 2001 ஏப்ரலில் அதன் முதல் வடிவம் பெங்களூரில் வெளியிடப்பட்டது. சிம்பியூட்டர் என்பது அதன் பெயர். உள்ளே இயங்கியது லினக்ஸ். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியின் அமைப்பு விவரங்களையே அவர்கள் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டனர். எவரும் எடுத்துத் திருத்திச் செய்து விற்கலாம். ஆனால் விற்பனை தொடங்கி ஓராண்டுக்குள் தாம் செய்த திருத்தங்களை அறக்கட்டளைக்குத் திருப்பித் தர வேண்டும். 2004 மார்ச்சில் அமிதா என்ற பெயரில் அதைச் செய்து தந்தது நம் ஜாலஹள்ளியின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை. அந்த வரிசையில் நின்று உழைத்தவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். கருவி எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. கைபேசியின் வெள்ளம் அதை அடித்துச் சென்றுவிட்டது. எடுத்தவர் திருப்பித் தரவேண்டும் என்று கருவிக்கும் விதி எழுதலாம் என்பதை அவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள் என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.

அதே 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. காமர்ஸ் ஒன் என்ற நிறுவனம் நொடித்துப்போய், அதன் உடைமைகள் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் 39 காப்புரிமைகளும் இருந்தன. இணையத்தின் வழியே நிறுவனங்கள் ஒன்றோடொன்று வணிகத் தாள்களைப் பரிமாறிக்கொள்ளும் முறைகளைப் பற்றியவை அவை. வழக்கு வணிகர் கையில் விழுந்தால் இணைய வணிகம் முழுவதும் கப்பம் கட்ட வேண்டியிருக்கும் என்று பலர் நடுங்கினர். பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனம் 1 கோடியே 55 லட்சம் டாலருக்கு அவற்றை எடுத்தது. யார் அவர்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் தொழில்துறை சில மாதங்கள் கலங்கி நின்றது. பிறகு தெரியவந்தது: பின்னால் இருந்தது லினக்ஸை விற்றுவந்த நோவெல் நிறுவனம். தாக்குவதற்காக அவர்கள் அதை வாங்கவில்லை. வேறெவரும் வாங்கித் தாக்காமல் இருக்கவே வாங்கினார்கள்.

அந்தக் காப்புரிமைகள் பின்னர்ச் சென்று சேர்ந்த இடம்தான் இன்றைய என் பேச்சின் நடுப்பொருள். 2005 நவம்பரில் ஐ.பி.எம்., நோவெல், பிலிப்ஸ், ரெட் ஹாட், சோனி ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி 'ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்' என்ற அமைப்பை ஏற்படுத்தின. இவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்பதை மறக்க வேண்டா. சந்தையிலே மோதிக்கொள்வோர் ஒரு காரியத்தில் மட்டும் கைகோத்தனர்.

அதன் விதி எளிது. கூட்டணியில் சேர்பவர், "என்னிடம் உள்ள, இனி வரப்போகும் எந்தக் காப்புரிமையையும் லினக்ஸ் அமைப்புக்கு எதிராக மற்ற உறுப்பினர்மேல் எடுக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற உறுப்பினர் அனைவரும் அவருக்கு அதே வாக்கைத் தந்திருக்கிறார்கள். கூட்டணி தானே விலைக்கு வாங்கி வைத்திருக்கும் காப்புரிமைகளையும் அவர் உரிமக் கட்டணமின்றிக் கையாளலாம் என்றே 2005-இல் வகுத்தனர். வாக்கை மீறி வாளை எடுத்தவர் இந்தப் பாதுகாப்பை இழப்பார். ஆயிரம் காப்புரிமை உடைய பெருநிறுவனமும், ஒன்றுகூட இல்லாத நம் இளைஞரின் ஐவர் குழுவும் இதில் ஒரே வரிசையில் நிற்க முடியும். தையல் இயந்திரக் கூட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு வெறும் தாளா, காரியத்துக்கு உதவுமா என்ற கேள்விக்கு 2009-ஆம் ஆண்டு விடை தந்தது. வாகனங்களில் வழிகாட்டும் கருவி செய்யும் டாம்டாம் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின்மேல் பிப்ரவரி மாதத்தில் மைக்ரோசாப்ட் வழக்குத் தொடுத்தது. எட்டுக் காப்புரிமைகள், அவற்றில் மூன்று, லினக்ஸ் கோப்புகளைக் கையாளும் முறையைத் தொட்டவை. மார்ச்சில் டாம்டாம் இக்கூட்டணியில் சேர்ந்தது. அதே மாத இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. டாம்டாம் பணம் கொடுத்தது. சில வசதிகளை நீக்கவும் ஒப்புக்கொண்டது. ஆகவே இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பிறகு அவ்வாண்டிலேயே, மைக்ரோசாப்ட் விற்ற 22 காப்புரிமைகள் வேறொரு காப்பு அமைப்பின் கைக்கு வந்து, அங்கிருந்து இக்கூட்டணியின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. லினக்ஸைத் தாக்க உதவும் என்று கருதத்தக்க அம்புகள் லினக்ஸின் அம்பறாத்தூணியிலேயே விழுந்தன.

இதற்கெல்லாம் மேலானது 2018 அக்டோபரில் நடந்தது. 235 என்று எண் சொல்லி அச்சுறுத்திய அதே மைக்ரோசாப்ட், 60,000-க்கு மேற்பட்ட காப்புரிமைகளோடு இக்கூட்டணியில் உறுப்பினராகச் சேர்ந்தது. மனம் மாறியதா, வணிகம் மாறியதா என்று சிலர் கேட்டனர். தன்னுடைய மேகக் கணிப்பொறிக் கூடங்களிலேயே லினக்ஸை ஓட்டி அந்நிறுவனம் பொருள் ஈட்டத் தொடங்கியிருந்தது. தானே அமர்ந்திருக்கும் கிளையை யார் வெட்டுவார்? காரணம் எதுவாயினும், எழுதிக் கொடுத்த வாக்கு எழுதிக் கொடுத்ததுதான்.

ஆனால் இந்தக் காவலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை மறைத்தால் நான் உங்களுக்கு உண்மையாக நடந்தவனாகமாட்டேன். தாம் எதையும் செய்யாமல், எதையும் விற்காமல், காப்புரிமைத் தாள்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கைக் காட்டிப் பணம் பறிப்போர் ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் இருக்கின்றனர். பாலத்தின் அடியில் ஒளிந்திருந்து வழிப்போக்கரை மறிக்கும் பூதத்தின் பெயரால் அவர்களை அந்நாட்டார் அழைக்கிறார்கள். அவர்களுக்கு லினக்ஸ் வேண்டா; ஆகவே கூட்டணியின் உரிமமும் வேண்டா. திருப்பித் தாக்கலாம் என்றால் அவர்கள் செய்யும் பொருள் ஒன்றும் இல்லை. வாளுக்கு அஞ்சும் உடம்பு இருந்தால் அல்லவா வாளால் பயன்?

2019-இல் இது நேரிலேயே நடந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் திரை முகப்பை அமைத்துத் தரும் க்னோம் என்ற அறக்கட்டளையின்மேல், ராத்ஸ்சைல்ட் பேட்டண்ட் இமேஜிங் என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஷாட்வெல் என்னும் புகைப்பட ஒழுங்கு நிரல், படங்களைக் கம்பியின்றி அனுப்பும் தங்கள் முறையை மீறுகிறது என்பது குற்றச்சாட்டு. ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துக் கைகழுவியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். க்னோம் மறுத்து எதிர் மனு இட்டது. உலகெங்கிலுமிருந்து 4,000-க்கு மேற்பட்ட தனி மனிதர்கள் சிறுகச் சிறுக அனுப்பிய பணம் 1,50,000 டாலரைத் தாண்டியது. வழக்கறிஞர்களும் கட்டணமின்றி வாதிட முன்வந்தனர். 2020 மே மாதத்தில் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. க்னோம்மேல் மட்டுமின்றி, திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளிவரும் எந்த நிரலின்மேலும் தன் காப்புரிமைகளை எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தது. வேறொருவர் கேட்ட மறு ஆய்வின் விளைவாக, 2022-இல் அந்தக் காப்புரிமையே செல்லாததாயிற்று. பெருநிறுவனங்களின் கூட்டணி தடுக்க முடியாததைச் சிறுதொகை அனுப்பிய பல்லாயிரவர் தடுத்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் உள்ளம் நெகிழ்கிறது.

இந்தப் பூதங்களை முளையிலேயே கிள்ள வேறொரு கூட்டணியும் உண்டு. 2014-இல் கூகுள், கேனான் முதலிய நிறுவனங்கள் தொடங்கிய லாட் என்பது அது. உறுப்பினர் ஒருவரின் காப்புரிமை எப்போதேனும் வழக்கு வணிகர் கைக்குப் போய்விட்டால், அந்த நொடியே மற்ற உறுப்பினர் அனைவருக்கும் அதன் உரிமம் தானாகவே கிடைத்துவிடும் என்று அவர்கள் விதித்துக்கொண்டனர். விற்ற பசு பகைவன் வீட்டுக்குப் போனாலும் நம்மை முட்டாது என்ற ஏற்பாடு.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம், மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றது! நம் அம்மாமார் அடுப்படியில் அன்றாடம் செய்வதற்கு! நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதிட்டதால் 1997-இல் அது நீக்கப்பட்டது. அதன் பின்னர் 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களின் செய்திகளும் அதில் இடம் பெற்றுள்ளன. வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் அவற்றைப் பார்த்து, 'இது முன்பே அறிந்தது' என்று தள்ளிவிட முடிகிறது. நிரல் உலகிலும் இதே வழி உண்டு. உரிமை கோராமல், தாம் கண்ட வழிமுறையைத் தேதியிட்டு வெளியிட்டுவிடுவார்கள். வெளியானதை இன்னொருவர் புதுமை என்று பதிய முடியாது. மேற்சொன்ன லினக்ஸ் கூட்டணியும் இதை ஊக்குவித்து வந்திருக்கிறது. செலவு குறைந்த காவல் இதுதான் என்பது என் கருத்து.

நம் இளைஞரிடம் திரும்புகிறேன். அவருடைய மருத்துவமனை நிரலைக் கூட்டணி காக்காது. அதைத் தெளிவாகவே சொன்னேன். கூட்டணி காப்பது, தான் வரையறுத்த பட்டியலில் உள்ள லினக்ஸ் பகுதிகளை மட்டுமே. அந்த அளவுக்கு, அஸ்திவாரத்தைப் பற்றிய அச்சம் குறையும். மேலே அவர் எழுதிய பகுதியின் வழிமுறைகளைத் தேதியோடு வெளியிட்டு வைக்கச் சொன்னேன். இது அவரைப் பிறரது பழைய காப்புரிமையிலிருந்து காக்காது, நாளை வேறொருவர் இவருடைய முறையையே பதிந்துகொண்டு இவர்மேல் திரும்பாமல் காக்கும். ஒப்பந்தத்தைப் பற்றி, "வாங்குவோரிடம் கேட்டுப் பார், கேட்பதற்குக் காசு இல்லை" என்றேன். அவர் தயங்கித் தயங்கிக் கடிதம் எழுதினார். ஆறு வாரம் பதில் இல்லை. அந்த ஆறு வாரமும் அவருடைய தந்தையார் மாலை உலாவுக்கு வரவில்லை.

பதில் சென்ற மாதம் வந்தது. விற்றவரின் பொறுப்பு அவர் பெற்ற விலைக்கு மேல் போகாது என்று திருத்தியிருக்கிறார்கள். லினக்ஸைப் பற்றி வரும் வழக்கை இவர்மேல் சுமத்துவதில்லை என்ற வரியை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். கூட்டணியில் சேர்ந்துவிட்டு மீண்டும் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டணியின் உரிம வாசகம் இப்போது அவர் கையில் இருக்கிறது. அதைப் படித்துப் பொருள் சொல்லத்தக்க வழக்கறிஞர் இருவர் நம் சங்கத்திலேயே உள்ளனர் என்பதை நான் அறிவேன். அவர்களிடம் இம்மேடையிலிருந்தே ஒரு விண்ணப்பம்: விருந்து முடிந்ததும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். அவர் கடைசி வரிசையில், தம் தந்தையாரின் அருகில் அமர்ந்திருக்கிறார்.

பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள்.